சுபேதார் மகளின் ஒரே ஊசி

“ஒருத்தரைச் சுடுறதுக்கு முன்னாடி எம்புட்டு நேரம் அவரைப் பாத்துக்கிட்டே இருப்பீங்கப்பா?”

முத்துமீனா இதைக் கேட்டபோது மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அழகுமலை பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்திருந்தார். விளாங்குடி வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரம். ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்த அவருடைய விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

எல்லோரும் அவரிடம் எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். சொந்தக்காரர்கள் கேட்டார்கள். டீக்கடையில் கேட்டார்கள். சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றக் கூப்பிட்ட பள்ளிக்கூடத்தில்கூட மேடைக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு போய் அதையே கேட்டார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

“சாப்புடுற நேரத்துல கேக்குற கேள்வியாடி இது?” என்று அம்மா ராமக்காள் அதட்டினாள்.

“கேக்கட்டும் விடு” என்றார் அழகுமலை. பிறகு சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சில நாளு காலையிலேருந்து பொழுது சாயுற வரைக்கும்மா. பல்லு வெளக்குறதப் பாப்பேன். டீ ஆத்துறதப் பாப்பேன். பக்கத்துல இருக்கவன் என்னமோ சொல்லுவான், அதுக்குச் சிரிக்கிறதையும் பாப்பேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? ரசத்தை ஊத்து” என்று மனைவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அழகுமலை தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் வேலையில் இருந்தவர். வடக்கே பனிமலைகளில், கல்லோடு கல்லாகக் கிடந்து, எதிரியின் கண்ணில் படாமல் காத்திருந்து ஒரே தோட்டாவில் வேலையை முடிக்கிறவர் என்று படைக்குள் அவருக்குப் பெரிய பெயர். சுபேதாராக ஓய்வு பெற்று அவர் ஊர் திரும்பியபோது, அந்தப் பெயர் அவருக்கு முன்னாலேயே ஊர் வழியே போகும் திண்டுக்கல் ரோட்டில் வந்து இறங்கியிருந்தது. அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் அது. அந்தக் குடும்பத்து ஆட்களை மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பழகாத சிலரும், அவர் டீக்கடைக்கு வந்தால் “நம்ம சுபேதாரு வாராரு, எடம் விடுங்கப்பா” என்று எழுந்தார்கள். அவர் உட்காருவார். டீயைக் குடிப்பார். ஒரே தோட்டாவில் ரெண்டு பேர், நிழலைப் பார்த்தே அடித்தார், கண்ணை மூடிக்கொண்டே அடித்தார் என்று அவர் காதுபடவே கதை ஓடும். “அப்படியெல்லாம் இல்லப்பா” என்பார். அந்த அடக்கத்தையும் கதையில் சேர்த்துக்கொள்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். விளாங்குடி நிறுத்தத்தில் பெரிய பிளக்ஸ் வைத்தார்கள். ஒரு பக்கம் புலி, ஒரு பக்கம் தேசியக் கொடி, நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட அழகுமலை. முகம் மட்டும்தான் அவருடையது. கையில் இருந்த துப்பாக்கி, சினிமாவில் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு சுடுகிற துப்பாக்கி. ராமக்காள் அதைப் பார்த்துவிட்டு, அந்த அழுகைக்கு நடுவிலும், “இந்த மனுசன் ஆயுசுல கறுப்புக் கண்ணாடி போட்டதில்லையேடி” என்றாள்.

முத்துமீனா கால்நடை மருத்துவர் ஆகியிருந்தாள். அவனியாபுரத்தில் அவளுக்கு வேலை. அங்கேயும் அவளை டாக்டர் என்று சொன்னவர்களைவிடச் சுபேதார் மக என்று சொன்னவர்களே அதிகம். அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. சினை மாட்டுக்குள் தோள் வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பிப் போடத் தெரிந்தவளுக்கு, தன்னைப் பற்றிச் சந்தேகம் வருவதற்கு நேரம் ஏது?

தை பிறந்து அவனியாபுரம் ஜல்லிக்கட்டு முடிந்த மூன்றாம் நாள் காலையில் ஜெயபாண்டி ஓடி வந்தான். அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன். அவனுடைய காளை காரி, பெயருக்கேற்ற கறுப்பு. நாலு வருடமாக எந்த வாடிவாசலிலும் யாரும் அதன் திமிலைப் பிடித்து நின்றதில்லை. இந்த வருடமும் அப்படியே சீறி வெளியேறி, களத்தைத் தாண்டி ஓடியபோது, கயிறு போட்டு மடக்க நின்றவர்கள் குறி தவறிப் பின்னங்காலில் சுருக்குப் போட்டுவிட்டார்கள். காளை கயிற்றையும் பிடுங்கிக்கொண்டு தெற்கே ஓடி, கண்மாய்க்குள் போய் நின்றுகொண்டது. கிட்டப் போன ஒருவரைத் தூக்கி வீசியதில் அவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது.

“சுருக்கு இறுகிக்கிட்டே வருதுங்க டாக்டரம்மா. காலு வீங்கிப்போச்சு. ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல” என்றான் ஜெயபாண்டி. கண்கள் சிவந்திருந்தன.

இன்னும் ஒரு நாள் போனால் அந்தக் காலுக்குள் ரத்தம் ஓடாது. கால் செத்தால் காளையும் செத்தது போலத்தான். அதற்கு முன்பே அது வலி பொறுக்காமல் ரிங் ரோட்டில் ஏறிவிட்டால், வருகிற வண்டிகளில் யார் யார் சாவார்களோ. முத்துமீனா மயக்க ஊசித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். உதவியாளர் விக்ரம் வண்டியை எடுத்தான். இரண்டு ஊசிக்குத்தான் மருந்து இருந்தது.

கண்மாய்க் கரையில் திருவிழாக் கூட்டம். பாதிப் பேர் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கரைக்குக் கீழே கீரைப் பாத்திகள். ஜீப் கரை மேட்டில் ஏற முடியாமல் சரிந்து, வாய்க்கால் வரப்பை நசுக்கிக்கொண்டு பாத்தி ஓரத்தில் நின்றது.

“யாருடா அவன் வண்டிக்காரன்? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?” என்று ஒரு குரல் கேட்டது. கீரைக்குச் சொந்தக்காரி சோலையம்மாள், இடுப்பில் சேலையை வரிந்து செருகிக்கொண்டு வந்தாள். நடுவயதுக்காரி. அந்தப் பக்கத்தில் அவள் வாய்க்கு இன்ஸ்பெக்டரே ஒதுங்கிப் போவார் என்று பேச்சு.

“மன்னிச்சுக்கங்கக்கா. காளைக்கு ஊசி போட வந்தோம்” என்று இறங்கினாள் முத்துமீனா.

சோலையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “சுபேதாரு மகளா? சரி, வந்துட்ட. இந்தப் பயலுகளக் கொஞ்சம் நகட்டு. எம் பாத்தி என்ன வாடிவாசலா, ஆளாளுக்கு ஓடிப் புடிச்சு வெளையாட?”

கண்மாயின் பாதியளவுக்குத்தான் தண்ணீர் கிடந்தது. அதன் ஓரத்தில், முழங்கால் ஆழத்தில், காரி நின்றது. வலது பின்னங்காலை ஊன்றவில்லை. முத்துமீனா குறிபார்த்தாள். தூரம் சரியாக இருந்தது. காளை கரைப்பக்கம் திரும்பி இரண்டு அடி வைத்தது. இன்னும் கொஞ்சம் மேட்டுக்கு வரட்டும் என்று அவள் காத்திருந்தபோது, கூட்டத்தில் ஒருவன் உற்சாகம் தாங்காமல் விசிலடித்தான். காளை துள்ளியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பின்வாங்கி ஓடியபோது ஒருவர் அவள் தோளில் இடித்தார். விரல் அழுந்திவிட்டது. ஊசி தண்ணீரில் விழுந்தது. காளை கரையை நோக்கி ஓடிவர, மொத்தக் கூட்டமும் கீரைப் பாத்திகள் மேலே விழுந்தடித்து ஓடியது. காளை பாதியில் நின்று, மூச்சிரைத்து, மறுபடி தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது.

“அப்பன் குறி தப்பாதும்பாய்ங்க. மக குறி தப்பிருச்சே மாப்ள” என்றான் ஒருவன்.

“அவரு ஒரு மைலுக்கு அங்கிட்டு இருந்து அடிச்சாராம். இவுக கல்லெறியுற தூரத்துல இருந்து அடிச்சும் தண்ணிக்குள்ள போயிருச்சு.”

முத்துமீனா திரும்பிப் பார்த்தாள். “எங்கப்பா பக்கத்துல விசிலடிக்கிறதுக்கு ஆளு இல்லண்ணே. நீங்க போயிருந்தா அவருக்கும் தப்பியிருக்கும்.”

கூட்டம் சிரித்தது. விசிலடித்தவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

இருந்த கடைசி மருந்தை அவள் இரண்டாவது ஊசியில் ஏற்றினாள். விக்ரம் மெதுவாகக் கேட்டான். “மேடம், இது போச்சுன்னா?”

“போகாது” என்றாள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சுடும் இடத்தை மாற்றினால் போகாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கரை மேட்டில் நின்றால் காளைக்கு ஆள் தெரிகிறது. கீழே கீரைப் பாத்தியில் படுத்தால், கரையின் உடைப்பு வழியாகத் தண்ணீர் ஓரம் முழுவதும் தெரியும். ஆள் தெரியாது. ஆனால் படுக்கிற இடத்தில்தான் அரைக்கீரை தளதளவென்று நின்றது.

“அக்கா, ஒங்க பாத்தியில படுக்கணும். கீரை போயிரும்.”

சோலையம்மாள் தன் கீரையை ஒரு முறை பார்த்தாள். “படு. வாயில்லா சீவன் வலியில நிக்கிது, கீரை என்ன கீரை! வேரு இருந்தா முளைச்சுக்கிரும்.”

“நட்டத்தை நான் பாத்துக்குறேன்க்கா.”

“ஆமா, இவ பெரிய கலெக்டரு. படு தாயி பேசாம.”

முத்துமீனா படுத்தாள். ஈரமண் வயிற்றில் குளிர்ந்தது. துப்பாக்கியின் கண்ணாடி வழியே காரியைப் பார்க்கத் தொடங்கினாள்.

சுடுவதற்கு வாகான நேரங்கள் வந்தன. காளை பக்கவாட்டில் அசையாமல் நின்றது. தொடைச் சதை அகலமாகத் தெரிந்தது. “இப்ப மேடம், இப்ப” என்று விக்ரம் பின்னாலிருந்து முணுமுணுத்தான். அவள் சுடவில்லை. ஊசி பட்டதும் மாடு படுத்துவிடாது. மருந்து ஏறும் வரைக்கும் மிரண்டு ஓடும். தண்ணீருக்குள் ஓடி அங்கே படுத்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். மேட்டுக்கு வர வேண்டும். அதுவாக வர வேண்டும்.

வெயில் ஏறியது. விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், ஒவ்வொரு விமானம் தாழ இறங்கும்போதும் காளை உடம்பை ஒடுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே நகர்ந்தது. பிறகு மெல்லத் திரும்பி வந்தது. அதன் கண்ணோரம் ஈ மொய்ப்பதை அவள் பார்த்தாள். வாடிவாசலுக்காகக் கொம்பில் பூசிய சந்தனம் காய்ந்து உதிர்ந்திருப்பதைப் பார்த்தாள். ஊன்ற முடியாத காலைத் தூக்கி, வைத்து, மறுபடி தூக்குவதைப் பார்த்தாள். ஆளை முட்டித் தூக்கிய மூர்க்கம் என்று கரையில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நேரம் பார்த்தவளுக்கு அந்தக் கண்ணில் மூர்க்கம் தெரியவில்லை. வீட்டுக்கு வழி தெரியாத பயம்தான் தெரிந்தது.

பார்க்கப் பார்க்க இன்னொன்றும் தெரிந்தது. சோலையம்மாள் ஓரத்தில் இருந்த தொட்டியிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டு, மிதிபடாத பாத்திகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் வாளியைக் கீழே வைக்கும்போதெல்லாம் அதன் இரும்புக் கைப்பிடி டங்கென்று விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் காளையின் காதுகள் அந்தப் பக்கம் திரும்பின. ஒரு முறை அது இரண்டு எட்டு முன்னால் வைத்தது. தலையைக்கூடத் தாழ்த்தியது.

முத்துமீனா துப்பாக்கியை மண்ணில் கிடத்திவிட்டு எழுந்து போனாள். கரையின் மறுபக்கத்தில் ஜெயபாண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

“ஜெயபாண்டி, வீட்டுல காரிக்குத் தண்ணி காட்டுறது யாரு?”

அவன் அண்ணாந்து பார்த்தான். “எதுக்குக் கேக்குறீங்க?”

“நீங்களா?”

“நான் நடை பழக்குவேன். கொம்பால மண்ணு குத்த விடுவேன். நீச்சலுக்குக் கொண்டுபோவேன்...” நிறுத்திக்கொண்டான். “தண்ணி காட்டுறது எம் பொண்டாட்டி. திவ்யா.”

“அவங்க ஏன் வரல? மூணு நாளாச்சுல்ல?”

ஜெயபாண்டி கூட்டத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஒங்களுக்குத் தெரியாததா? நாலு வருசமா இது புடிபடாத மாடு. இப்ப என் வீட்டுப் பொம்பளை வந்து இம்புட்டுப் பேருக்கு முன்னாடி கையில புடிச்சுக் கூட்டிட்டுப் போனான்னு வைங்க, நாளைக்கே போன்ல எல்லாம் வந்துரும். பொம்பளை புடிச்ச மாடும்பாய்ங்க. அந்தப் பேரு அதோட ஆயுசுக்கும் போகாது. அவ கெஞ்சுனா. நான்தான் வாசலத் தாண்டாதன்னுட்டேன்.”

அவனைக் கோபித்துக்கொள்ள அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவன் கண்ணைப் பார்த்தாள். மூன்று நாளாகத் தூங்காத கண். பேருக்குப் பயந்தவனும் இவன்தான், காளைக்காக அழுதவனும் இவன்தான். திட்டினால் பேர்தான் ஜெயிக்கும்.

“யாருமே பாக்கலைன்னா?” என்று கேட்டாள்.

“அது எப்படி? இம்புட்டு சனம்...”

“சனத்தை நான் பாத்துக்குறேன். நீங்க போயி அவங்களக் கூட்டிட்டு வாங்க. கரைப்பக்கமா வேணாம், தோப்பு வழியா வாங்க. காரிக்கு வைக்கிற வாளியோட. தெனமும் என்ன கலக்குறாங்களோ அதையே கலக்கச் சொல்லுங்க.”

அவன் எழுந்தான், தயங்கினான், பிறகு பைக்கை நோக்கி ஓடினான்.

முத்துமீனா கரை மேல் ஏறிக் கைதட்டினாள். “எல்லாரும் கேட்டுக்கங்க. அடுத்த தடவை காளை எந்தப் பக்கம் ஓடும்னு எனக்குத் தெரியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கங்க. ஒரு ஆளு இங்க நின்னாலும் நான் வேலை பாக்க மாட்டேன்.”

“தூரமா நின்னா வீடியோ தெளிவா வராதுங்க மேடம்.”

“காளை பக்கத்துல வந்தா நீங்களே தெளிவா இருக்க மாட்டீங்க தம்பி.”

அப்போதும் சிலர் நகரவில்லை. சோலையம்மாள் வாளியை வைத்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “நீ ஒன் வேலையப் பாரு தாயி. இவய்ங்கள நான் ஓட்டுறேன். கெளம்புங்கடா! மிதிச்ச கீரைக்கு ஒவ்வொருத்தன்கிட்டயும் கணக்குக் கேக்கணும், யாரு மொதல்ல வாரீங்க?” கரை காலியானது. அவளும் அவர்களை விரட்டிக்கொண்டே போய் ரோட்டோரத்தில் காவல் நின்றுகொண்டாள். விக்ரமையும் ஜீப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகச் சொன்னாள் முத்துமீனா.

திவ்யா வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒல்லியான பெண். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊறிய தண்ணீர் வாளியை இரண்டு கையாலும் தூக்கியிருந்தாள். தோளில் ஒரு பழைய துண்டு.

“ரெண்டு நாளா இவருகிட்ட அழுகுறேன் டாக்டரம்மா. கேக்கவே மாட்டேன்னுட்டாரு. அது எனக்காகத்தான் நிக்கிது.”

“இப்ப வந்துட்டீங்கள்ல. பயமா இருக்கா?”

“காரிக்கிட்டயா?” என்று திவ்யா கேட்டாள். அந்தக் கேள்வியே விளங்காதது போல இருந்தது அவள் முகம்.

முத்துமீனா துப்பாக்கியை எடுத்தாள். அதிலிருந்த ஊசியை மெல்லக் கழற்றி, மருந்தைச் சாதாரண ஊசிக் குழலுக்கு மாற்றினாள். வெறும் துப்பாக்கியைப் பாத்தியிலேயே வைத்தாள். ஜெயபாண்டி அதைப் பார்த்து, “சுடலையாம்மா?” என்றான். “சுட்டா மெரளும். தண்ணிக்குள்ள ஓடும். கையாலயே போட்டுர்றேன். நீங்க தோப்புக்குள்ள நில்லுங்க. அந்தத் துண்டக் குடுங்க திவ்யா.” துண்டில் மாட்டுக் கொட்டகை வாசமும் புண்ணாக்கு வாசமும் அடித்தன. அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

திவ்யா தண்ணீர் ஓரத்து மேட்டில் வாளியை வைத்தாள். அதன் கைப்பிடியைத் தூக்கி விட்டாள். டங். “காரிச் சாமி... வாடா கண்ணு... பசிக்கலையா ஒனக்கு?”

காளை தலையைத் தூக்கியது. தூரத்தில் ஒரு விமானச் சத்தம் கேட்கத் தொடங்கியது. முத்துமீனா மனதுக்குள் அழகரைக் கூப்பிட்டாள். அப்பா கூப்பிடுகிற சாமி அது. விமானம் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போனது. காளை உடம்பை ஒடுக்கியது. ஆனால் பின்வாங்கவில்லை. திவ்யா பேசிக்கொண்டே இருந்தாள். விமானம் போன பிறகு அது ஒரு எட்டு வைத்தது. நொண்டியது. இன்னொரு எட்டு. நாலு வருடம் வாடிவாசலை நடுங்க வைத்த காளை, தாயைத் தேடும் கன்று போல முனகிக்கொண்டு சேற்றை விட்டு மேட்டில் ஏறி, வாளிக்குள் முகத்தை நுழைத்தது. திவ்யா அதன் கழுத்துக்குக் கீழே தொங்கிய அலைதாடியைச் சொறிந்து கொடுத்தாள். அவள் கண்ணீர் அதன் நெற்றியில் விழுந்தது.

முத்துமீனா பக்கவாட்டிலிருந்து, அவசரப்படாமல், திவ்யாவோடு பேசிக்கொண்டே கிட்டப் போனாள். காளையின் தோல் ஒரு முறை சிலிர்த்தது. துண்டின் வாசனையை மோந்து பார்த்துவிட்டு அது மறுபடி குடித்தது. ஊசி இறங்கியபோது வாலை மட்டும் சுழற்றியது. அவ்வளவுதான். வாளி காலியாவதற்குள் அதன் இமைகள் கனத்தன. முன்னங்கால்களை மடித்து, காய்ந்த மண்ணில் பத்திரமாகப் படுத்தது.

சுருக்குக் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. கத்தியின் நுனியால் ஒவ்வொரு புரியாக அறுத்தாள். கயிறு விட்டதும், குளம்புக்கு மேலே கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. உயிரோடு இருக்கிற கால்.

“பொழைச்சுக்கிரும்” என்றாள்.

தோப்பிலிருந்து வந்த ஜெயபாண்டி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து வந்து, மனைவியின் முன்னால் நின்றான். “சாப்புட்டியா நீ?” என்று கேட்டான். அவள் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

காயத்துக்கு மருந்து கட்டி, திவ்யாவைத் தோப்பு வழியாகவே அனுப்பி வைத்த பிறகுதான் முத்துமீனா ரோட்டுப் பக்கம் கையசைத்தாள். ஒருவரின் மானத்தை மூடிக் காப்பதும் தருமம்தான். நாலு பேர் பார்க்கப் போடுவதற்கு அதற்குக் கோயில் உண்டியல் கிடையாது.

கூட்டம் ஓடி வந்தது. படுத்திருந்த காளையையும் அறுந்த கயிற்றையும் பாத்தியில் கிடந்த துப்பாக்கியையும் பார்த்தது.

“ஒரே ஊசி! பாத்தியா மாப்ள, ஒரே ஊசி!”

“இந்தப் பாத்தியில இருந்தா அடிச்சாங்க? ஆத்தாடி, எம்புட்டுத் தூரம்!”

“நான் சுடல” என்றாள் முத்துமீனா. “கிட்டப் போயிக் கையாலதான் போட்டேன்.”

“அவரும் இப்படித்தான்யா. சொல்லிக்கவே மாட்டாரு” என்று ஒரு பெரியவர் பெருமூச்சு விட்டார்.

“நெசமாத்தான் சொல்றேன். சுடவே இல்ல.”

“அதே ரத்தம்” என்றான் விசிலடித்தவன், கையெடுத்துக் கும்பிட்டபடி. ஜெயபாண்டி வாயைத் திறந்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு காளையின் முதுகைத் தடவினான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோதே, ராமக்காள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “என்னடி, அரை மைலுக்கு அங்கிட்டு இருந்து அடிச்சியாமே?”

முத்துமீனா நடந்ததையெல்லாம் சொன்னாள். திவ்யாவைப் பற்றி மட்டும் வெளியே சொல்லாதே என்றாள். ராமக்காள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒங்கப்பாவும் இப்படித்தான் வந்து எங்கிட்டச் சொல்லும். நாளு பூராப் பாத்துட்டு, அவன் சின்னப் பயலா இருந்தான், சும்மா திரும்பி வந்துட்டேன் ராமக்கான்னு. மேல இருக்கவுக திட்டுவாகளாம். வெளியே வந்தா அதுவும் ஒரு கதையாயிரும். சுடலைன்னு அது சொல்லச் சொல்லத்தான் ஊருல எண்ணிக்கை ஏறுச்சு.” போனைக் கீழே வைத்தாள். “சுட்டதைப் பத்தி எங்கிட்டச் சொன்னதே இல்ல. சுடாததைத்தான் ஒண்ணு விடாம சொல்லிருக்கு.”

முத்துமீனா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர் அவளுக்குக் கொடுத்த சொத்து ஒன்று. அப்பா விட்டுப்போன சொத்து வேறொன்று. அதை யாரும் பிளக்ஸில் போட முடியாது. அன்றைக்கு அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது.

மறுநாள் காலை, வெளிச்சம் வந்து சற்று நேரத்தில், அவள் ஸ்கூட்டரில் கண்மாய்க்குக் கீழே வந்து இறங்கினாள். சோலையம்மாள் முந்தைய நாள் பறித்த கீரையைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கப் போயிருக்கும் நேரம். சுற்றிலும் ஆள் இல்லை. கொக்குகள் மட்டும் நின்றன.

பாத்திகள் முந்தைய நாள் பார்த்ததைவிட மோசமாக இருந்தன. ஜீப் சக்கரம் வாய்க்கால் வரப்பைத் தரையோடு தரையாக்கியிருந்தது. கூட்டம் ஓடிய இடத்தில் கீரை சேறாகிக் கிடந்தது. அவள் படுத்த பாத்தியில் ஒரு ஆள் நீளத்துக்குக் கீரை சப்பையாகி, நசுங்கி, கறுத்துப்போயிருந்தது. வேரிலிருந்து முளைக்கும் என்று சோலையம்மாள் சொன்னது அவளுடைய பெரிய மனசு. இந்த வேர் முளைக்காது.

முத்துமீனா சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த மண்வெட்டியை எடுத்தாள். முதலில் வரப்பைக் கட்டினாள். ஈரமண்ணை வெட்டி வைத்து, காலால் மிதித்து, மேல்பக்கத்தைக் கையால் வழித்துவிட்டாள். நசுங்கிய கீரையைப் பிடுங்கி ஓரத்தில் போட்டாள். இறுகிப்போன மண்ணைக் கொத்திப் புரட்டி, கட்டிகளை உடைத்து, பாத்தியைச் சமன் செய்தாள். அவளுடைய அப்பாவைப் பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் செய்த வேலை அது. கைக்கு எங்கிருந்து தெரிந்ததோ, தெரிந்திருந்தது.

பையிலிருந்து அரைக்கீரை விதையை எடுத்தாள். கடுகைவிடச் சின்ன விதை. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் விழுந்துவிடும் என்று மணலோடு கலந்து, பாத்தி முழுக்க ஒரே சீராகத் தூவினாள். உள்ளங்கையால் மேலாகத் தடவிவிட்டாள். தண்ணீர் விதையை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, வாய்க்கால் வாயில் ஒரு பிடி வைக்கோலை வைத்து, அதன் பிறகு மடையைத் திறந்தாள்.

தண்ணீர் மெல்ல உள்ளே வந்தது. மண் நிறம் மாறிக்கொண்டே போவதை அவள் வரப்பில் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி மூலையும் நனைந்ததும் மடையை அடைத்தாள். வாய்க்காலில் கைகாலைக் கழுவிக்கொண்டு, மண்வெட்டியைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்து, சோலையம்மாள் திரும்புகிற வழியை விட்டு மறு வழியாக வேலைக்குப் போனாள்.